‘கருத்துக் கேட்டோம்’ என்று அரசு சொன்னால் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுவதாகச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார்: “எந்தச் சட்டம், எந்த விதி வந்தாலும் சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்ட பிறகே கொண்டுவந்தோம் என்று அரசு சொல்கிறது. எங்கள் ஊரில் யாரிடமும் யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நிஜமாகக் கேட்டார்களா, கண்துடைப்பா என்று வெளியே இருக்கும் சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த கூட்டத்துக்குப் போவதில் பிரயோஜனம் உண்டா?” கேள்வியில் கோபம் இருக்கிறது, நியாயமான கோபம்தான். ஆனால் அவர் கேட்பது ஓர் அளவுகோல். கேட்டார்கள், கேட்கவில்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எப்போது கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள், கேட்டதை என்ன செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருவாய்த் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்தேன், பெரும்பாலும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஷாமியானா சொல்வதிலிருந்து பேச்சைக் குறிப்பெடுப்பது வரை எல்லாம் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு விவசாய சங்கங்களுக்கும் மீனவர் பஞ்சாயத்துகளுக்கும் ஆட்சேபணை மனு எழுதித் தருகிறேன். ஆக மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். ஆனால் கோட்டையிலோ டெல்லியிலோ விதியை வரைகிறவர்களோடு உட்கார்ந்ததில்லை. அந்த அறைக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வெளியே வந்த காகிதங்களை வைத்துச் சொல்வது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊரில் பந்தல் போட்டு, மைக் வைத்து நடப்பது ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கான கூட்டம். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதற்குத் தெளிவான நடைமுறை சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, பத்திரிகை விளம்பரம், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில், தலைமை தாங்க ஆட்சியரோ கூடுதல் மாவட்ட நடுவர் (அடிஷனல் டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்ட்ரேட்) நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியோ, முழுவதும் வீடியோ பதிவு. குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று மட்டும் அதில் கிடையாது. மூன்று பேர் வந்தாலும் கூட்டம் கூட்டம்தான்.

நீங்கள் கேட்பது சட்டத்தையும் விதியையும் பற்றி. அது வேறு உலகம். அங்கே பந்தலே கிடையாது. ஒரு சட்டம் ‘முன்கூட்டியே வரைவை வெளியிட்டு’ விதி இயற்ற வேண்டும் என்று சொன்னால், 1897-ஆம் வருடத்துப் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வேலைக்கு வரும். வரைவை வெளியிடு, தேதி குறி, அதற்குள் வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலி என்கிறது அது. எப்படி வெளியிடுவது என்பதைப் பெரும்பாலும் அரசே தீர்மானித்துக்கொள்ளலாம்; நடைமுறையில் அரசிதழ்தான். இதே பிரிவின் கடைசி வரியை எல்லாரும் ஒரு தடவை படிக்க வேண்டும். முன்வெளியீடு செய்து இயற்றியதாகச் சொல்லி ஒரு விதி அரசிதழில் வந்துவிட்டால், அது முறைப்படி இயற்றப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. கேட்டோம் என்று அரசே சொல்லிக்கொண்டால் போதும் என்று 120 வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்! சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளும் (1986) இதே சாயலில்தான் இருக்கின்றன. 5-ஆவது விதியில் ஆட்சேபணை சொல்ல 60 நாள் உண்டு. அடுத்த உட்பிரிவிலேயே, பொதுநலன் கருதி அந்த அறிவிப்பு தேவையில்லை என்று அரசு முடிவு செய்யலாம் என்றும் உண்டு.

இந்த இரண்டு உலகமும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பதற்கு நம் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. 2020 ஜனவரி 16-ஆம் தேதி ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடும் ஆய்வுப் பணிகளை ‘பி2’ வகைக்கு மாற்றியது. அந்த வகைக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை. உற்பத்திக் கிணறுகளுக்கான நடைமுறை மாறவில்லை, தேடுதலுக்கு மட்டும்தான் இந்த மாற்றம். ஆனாலும் நெடுவாசல், கதிராமங்கலம் ஊர்களின் எண்ணெய், எரிவாயு எதிர்ப்புப் போராட்டங்களைப் பார்த்த டெல்டாக்காரனுக்கு அது சின்ன விஷயமாகப் படாது. ஊரில் பந்தல் போடும் உரிமை ஒரு விதியால் வந்தது, இன்னொரு விதியால் குறைந்தது. குறைத்த அந்த விதிக்காக ஊரில் பந்தல் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே, கூட்டம் எப்படி நடந்தது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய விஷயம் கைநழுவிப் போகும்.

சரி, வேறு எதுவுமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் பல் இல்லை. 2014 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ‘சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கை’ என்று ஒன்றை எல்லா அமைச்சகங்களுக்கும் அனுப்பியது. வரைவை, அல்லது குறைந்தபட்சம் அதன் விவரங்களை, 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், சாமானியனுக்குப் புரியும் நடையில் விளக்கம் தர வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும் என்கிறது. முடியாது என்று அமைச்சகம் நினைத்தால் காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் எழுத வேண்டும். இது கொள்கை, சட்டம் இல்லை. மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. 2016 மே மாதம், கைப்பேசி அழைப்பு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஒழுங்குமுறையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில், வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டு விதி செய்யும் அமெரிக்காவின் 1946 நிர்வாக நடைமுறைச் சட்டம் போல இங்கேயும் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றலாம் என்று யோசனை சொன்னது. யோசனை யோசனையாகவே இருக்கிறது.

அளவுகோலுக்கு வருகிறேன். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி இதற்கென்று மதிப்பெண் போட்டு அறிக்கையே வெளியிடுகிறது. வரைவு வெளியிடச் சட்டம் இருக்கிறதா, எவ்வளவு நாள், பதில் வெளியிடுகிறார்களா, மேற்பார்வை உண்டா என்று கேட்டு எண் கொடுப்பார்கள். அது நடைமுறையை அளக்கும், அதன் விளைவை அளக்காது. நான் கையில் வைத்திருப்பது அதைவிட எளிய ஒன்று. 1985-இல் லண்டனின் பிரென்ட் பகுதியில் பள்ளிகளை மூடும் திட்டம் பற்றிய கன்னிங் வழக்கில் நான்கு சோதனைகள் வைக்கப்பட்டன. முடிவு உருவாகிக்கொண்டிருக்கும் கட்டத்திலேயே கேட்டார்களா? யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணமும் விவரமும் கொடுத்தார்களா? போதுமான நேரம் கொடுத்தார்களா? வந்த பதில்களை மனசாட்சியோடு எடைபோட்டார்களா? ஆங்கிலேயன் தீர்ப்பு நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நம் ஆட்கள் மாதாமாதம் கேட்பதும் இந்த நான்கைத்தான், வேறு வார்த்தையில்.

இந்த நான்கில் முதலாவதுதான் அச்சாணி. முடிவெடுத்த பிறகு கேட்டால் மற்ற மூன்றும் பிரமாதமாக இருந்தும் பலனில்லை. 2023 மார்ச் 29-இல் ஒன்றிய அரசு ஏலத்துக்கு அறிவித்த நிலக்கரிப் படுகைகளின் பட்டியலில் ஒரத்தநாடு வட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்து சேத்தியாத்தோப்பு கிழக்கு மூன்றும் இருந்தன. மாநில அரசையே கேட்கவில்லை என்று முதலமைச்சர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஊருக்கு ஊர் எதிர்ப்பு. ஏப்ரல் 8-ஆம் தேதி மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய நிலக்கரி அமைச்சர் அறிவித்தார். முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கக்கூடிய விஷயம். வடசேரி விவசாயிக்கு அந்தப் பத்து நாள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கொஞ்சம் சங்கடமான உதாரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது பிடித்த சட்டம். 2020 பிப்ரவரி 9-ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தார். 20-ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. பதினோரு நாள். வரைவை ஊர் பார்க்கவில்லை, ஆட்சேபணைக்கு நாள் குறிக்கவில்லை. அறிவிப்பில் இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் சட்டத்தில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுவதும், கடலூரில் ஐந்து ஒன்றியங்கள், புதுக்கோட்டையில் ஐந்து ஒன்றியங்கள் என்று எல்லை வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை இச்சட்டம் தொடாது.

சட்டம் நல்லதா என்றால் நல்லது என்பேன். கலந்தாய்வு நடந்ததா என்றால் கன்னிங் கணக்கில் பூஜ்ஜியம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் நாம் செய்யும் தவறு. நமக்குப் பிடித்த சட்டம் அவசரமாக வந்தால் ‘துணிச்சலான முடிவு’ என்கிறோம், பிடிக்காதது வந்தால் ‘கேட்காமல் திணித்தார்கள்’ என்கிறோம். அளவுகோல் என்று ஒன்று வேண்டுமானால் இரண்டுக்கும் அதையே வைக்க வேண்டும். கேட்காததன் விலையும் சும்மா இல்லை. லால்குடி விவசாயி ‘நான் ஏன் மண்டலத்தில் இல்லை’ என்று கேட்டால், வரைவு, ஆட்சேபணை, பதில் என்ற வரிசை இருந்திருந்தால் காரணம் எங்காவது ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 2010-இல் மீத்தேன் ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து பத்து வருடமாக மன்னார்குடியிலும் நெடுவாசலிலும் மக்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்களே, நம்மாழ்வார் 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் இறக்கும்வரை இதைத்தானே பேசினார், அதுவே கலந்தாய்வு இல்லையா என்று கேட்பார்கள். எனக்கு இதில் முழுத் தெளிவு இல்லை. தெருவில் சொன்னது அரசின் காதில் விழுந்தது உண்மை. ஆனால் தெருவில் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும். ‘மூன்றாவது பிரிவில் இந்த வார்த்தையை மாற்று’ என்று சொல்ல முடியாது. விதியின் உயிர் வார்த்தையில் இருக்கிறது.

நேரம் என்ற சோதனையை நம் ஊர்க் காலண்டரில் வைத்துப் பாருங்கள். தாளில் எந்த மாதத்து 30 நாளும் ஒன்றுதான். வயலில் அப்படி இல்லை. தை பிறந்து சம்பா அறுவடையில் ஊரே இறங்கியிருக்கும்போது, நெல்லைக் கொட்டிவிட்டுக் கொள்முதல் நிலைய வாசலில் ராத்திரி காவல் படுத்திருப்பவனுக்கு 30 நாளும் கணக்கில் வராது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை நாற்றங்கால் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் கடலோர ஊர்கள் புயல் எச்சரிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். வரைவு வெளியான தேதியை இந்தப் பட்டியலில் ஒட்டிப் பாருங்கள். யாரும் வேண்டுமென்றே செய்வதாக நான் சொல்லவில்லை. டெல்லியில் தேதி குறிப்பவருக்குத் தாளடி என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான்.

மொழியும் இதில் சேர்த்தி. 2020-இல் புதிய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஊரடங்குக் காலத்தில் அரசிதழில் வந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்து, எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்கவும் சொன்னது. அப்படியும் லட்சக்கணக்கில் கருத்துகள் குவிந்தன. இந்த எண்ணிக்கையைக் காட்டி இரண்டு தரப்பும் பெருமை பேசும். நான் எண்ணிக்கைக்கு அதிக மதிப்பெண் தர மாட்டேன். ஒரே கடிதத்தை லட்சம் பேர் அனுப்பினால் அது எதிர்ப்பின் அளவைக் காட்டும், விதியில் எங்கே ஓட்டை என்று காட்டாது. கள்ளிமேட்டிலிருந்து ஒருவர் தன் ஊர் உப்பு மண்ணைப் பற்றி எழுதும் ஒரு பக்கம் அந்த லட்சத்துக்குச் சமம், அதை யாராவது படித்தால்.

யாரைக் கேட்கவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது, யாரைக் கேட்டார்கள் என்பதைவிடச் சிரமம். ஆனால் டெல்டாவில் அது மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, குத்தகை சாகுபடிக்காரர்கள். இங்கே கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். உழுகிறவர் பெயர் பட்டாவில் இருக்காது. குத்தகை உரிமைப் பதிவுக்கென்று 1969-லேயே சட்டம் இருந்தும் பதிவாகாமல் உழுகிறவர்கள் நிறைய. பாதிக்கப்படுவோர் பட்டியலைப் பட்டாவிலிருந்து எடுத்தால் அவர்கள் முதல் வரியிலேயே விழுந்துவிடுவார்கள். அடுத்து, நடவுக்கும் களைக்கும் போகும் பெண்கள். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் அது அவர்களுக்கு ஒரு நாள் கூலி. அப்புறம் மீனவர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் கரை இருக்கும், வலை காயவைக்கும் மணல் இருக்காது, படகு ஏற்றும் இடம் இருக்காது. வரைபடத்தை விரித்துவைத்து ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்றால், தன் ஊரே அதில் இல்லாதவர் எதைப் பற்றிச் சொல்வார்? ‘சங்கப் பிரதிநிதிகள் கலந்துகொண்டனர்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் எந்தச் சங்கம், அதில் யார் உறுப்பினர் என்று கேளுங்கள். நானும் அந்த வரியைப் பல தடவை எழுதியிருக்கிறேன், நம்பி.

நான்காவது சோதனைக்கு நானே சாட்சி, குற்றவாளி என்றும் சொல்லலாம். பல வருடங்களுக்கு முன் கடலோர ஒன்றியம் ஒன்றில் ஒரு திட்டத்துக்கான கருத்துக் கேட்பு. பேச்சைக் கேட்டுத் தமிழில் குறித்துக்கொடுக்கும் வேலை எனக்கு. அறுபது பேருக்கு மேல் பேசினார்கள், பாதிப் பேர் கட்சிப் பேச்சு. ஒரு மணிக்கு மேல், காலில் சேறு காயாமல் ஓர் அம்மா வந்து மைக்கைப் பிடித்தார். சத்தம் வரவில்லை. “கிட்ட வச்சுப் பேசுங்கம்மா” என்றார் தலைமை தாங்கிய டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்). அந்த அம்மா சொன்னது இதுதான்: “அய்யா, எங்க தெரு கைப்பம்புல மின்னெல்லாம் பத்துக் கொடம் நல்ல தண்ணி வரும். இப்ப நாலாவது கொடத்துலயே உப்பு ஏறிடுது. நீங்க இன்னும் ஆழமாத் தோண்டுனா ஒத்தக் கொடமாச்சும் வருமா வராதா? அத மட்டும் சொல்லிடுங்க.”

நிலத்தடி நீர் தெரிந்தவர் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார். நம் கடலோரத்தில் உப்புநீருக்கு மேலே நல்ல தண்ணீர் மெல்லிய ஆடை போலத்தான் நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறி வரும். எத்தனையாவது குடத்தில் ஏறுகிறது என்று தினமும் அளந்துகொண்டிருந்தவர் அந்த அம்மா. அன்றைக்குப் பேசிய அறுபது பேரில் அளவு சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் எழுதியது: “குடிநீர்ப் பிரச்சினை குறித்துப் பெண் ஒருவர் கருத்துத் தெரிவித்தார். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் எனத் திட்டத் தரப்பில் பதிலளிக்கப்பட்டது.” பொய் இல்லை. ஆனால் பத்துக் குடமும் நாலு குடமும் காணாமல் போய்விட்டன. மேலே உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் படித்தவருக்கு அது குழாய் ரிப்பேர் மனு மாதிரிதான் தெரிந்திருக்கும். எனக்கு மேலதிகாரி யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. பசி, அலுப்பு, கை பழகிய வாக்கியம்.

அதனால்தான் எந்தக் கலந்தாய்வையும் மதிப்பிட நான் முதலில் தேடுவது ஒரே ஒரு காகிதம்: சொன்னது என்ன, பதில் என்ன, மாற்றியது என்ன என்று மூன்று கட்டம் போட்ட பட்டியல். மின்கட்டண விஷயத்தில் இது ஓரளவு நடக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு, பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே கட்டண ஆணை போட வேண்டும் என்கிறது. மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளில் ஆட்சேபணை, மின்வாரியத்தின் பதில், ஆணையத்தின் முடிவு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு படி மேலே போய், வந்த கருத்துகளையும் அவற்றுக்கு மறுதரப்பு சொன்ன எதிர்க்கருத்துகளையும் இணையத்திலேயே போடுகிறது. இப்படிச் செய்தவர்களையே உச்ச நீதிமன்றம் 2016-இல் தவறு என்றது. வந்த கருத்தை வெளியிடுவது வேறு, அதை எடைபோட்டுக் காரணம் சொல்வது வேறு. இன்னொன்று: 2022-இல் மின்கட்டணக் கூட்டங்கள் கோவை, மதுரை, சென்னையில் நடந்தன. வேதாரண்யத்துக்காரர் பேச வேண்டுமானால் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். தாளில் முழு மதிப்பெண் வாங்கும் கலந்தாய்வுக்கும் தூரம் என்ற ஓட்டை உண்டு.

இதுவரை சொன்னது உறுதியாகச் சொல்லக்கூடியது: தேதி, மொழி, நாள் கணக்கு, பதில் பட்டியல், வரைவுக்கும் இறுதி விதிக்கும் இடையே வார்த்தை மாற்றம். இவற்றை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சொல்ல முடியாததும் இருக்கிறது. இறுதி விதியில் ஒரு வரி மாறினால், அது உங்கள் மனுவால் மாறியதா, அமைச்சரைப் பார்த்த ஆலை முதலாளியால் மாறியதா, தேர்தல் வருவதால் மாறியதா என்று காகிதம் சொல்லாது. மாறாமல் இருந்தால் கேட்கவில்லை என்றும் அர்த்தமில்லை. கேட்டு, யோசித்து, நியாயமான காரணத்தோடு மறுத்திருக்கலாம். நன்றாகக் கேட்டால் விதி நன்றாக அமையும் என்பதுகூட என் நம்பிக்கைதான், நிரூபணம் என்னிடம் இல்லை. ஆள் பலமும் வக்கீல் பலமும் உள்ளவர்கள் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்கள். கதவை அகலத் திறந்தால் அவர்கள்தான் முதலில் நுழைவார்கள்.

சடங்கே இல்லாமல் நன்றாக நடப்பதும் உண்டு. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் இருக்கலாம் என்பது கொள்முதல் விதி. அறுவடையில் மழை பிடித்த வருடங்களில் விவசாயிகள் மனு கொடுப்பார்கள், மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து மாதிரி எடுத்துப் போகும், தளர்வு வரும். அரசிதழ் வரைவு இல்லை, 30 நாள் இல்லை. ஆனால் நெல்லைத் தொட்டுப் பார்த்தவர் அறிக்கை எழுதுகிறார். சில நேரம் தளர்வு வருவதற்குள் நெல் முளைத்துவிடும், அது வேறு சோகம்.

அடுத்த கூட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். பேசுவதற்கு முன் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எதிர்க்கிறேன் என்று மட்டும் எழுதாமல், எத்தனை குடம், எத்தனை அடி, எந்த மாதம் என்று எழுதுங்கள். எண்ணைச் சுருக்குவது என் மாதிரி ஆட்களுக்குச் சிரமம். விதி வரைவாக இருந்தால், இறுதி விதி வந்த பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ‘ஏன் கேட்கவில்லை’ என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. ‘வரப்பெற்ற கருத்துகளின் தொகுப்பு, ஒவ்வொன்றின் மீதும் எடுக்கப்பட்ட முடிவு, அது உள்ள கோப்புப் பக்கங்களின் நகல்’ என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 4(1)(இ), (ஈ) உட்பிரிவுகள், முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது அது பற்றிய விவரங்களை வெளியிடவும், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுவோருக்குச் சொல்லவும் அரசைக் கடமைப்படுத்துகின்றன. அப்படி ஒரு தொகுப்பே இல்லை என்று பதில் வந்தால், உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

திட்டக் கூட்டமாக இருந்தால் கடைசிவரை இருங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் கையெழுத்து, பிறகு அதை ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. விட்டுப்போனதை எழுந்து சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். நான் மேலே சொன்ன கூட்டத்தில் அதை நான் படித்தபோது மணி இரண்டரை. அந்த அம்மா மதிய நடவுக்குத் திரும்பிவிட்டார். எதிரில் இருந்தது வீடியோ எடுப்பவரும், நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஷாமியானாக் கடைப் பையன்கள் இரண்டு பேரும்தான்.